மூக்கில் சதை, நெஞ்சில் இழுப்பு: இரண்டு பை, ஒரே நோய்

எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் உடம்புக்கு வரும் சங்கடங்களைத் தனித்தனிப் பையில் போட்டு வைப்பது வழக்கம். மூக்கடைப்புக்கு ஒரு டாக்டர். இழுப்புக்கு வேறொரு டாக்டர். மூட்டு வலிக்கு டாக்டரே வேண்டாம், மருந்துக் கடை போதும். சீட்டுகளும் ஸ்கேன் படங்களும் ஜவுளிக்கடைப் பைகளில் தனித்தனியாக பீரோ மேல் தூங்கும். ஒரு பையில் இருப்பது இன்னொரு பைக்குத் தெரியாது.

பல நோய்களுக்கு இதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மூக்கில் சதை வளர்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம். மூக்குச் சதையும் ஆஸ்துமாவும் பலருக்கு இரண்டு நோய்கள் அல்ல. ஒரே அழற்சியின் மேல் முனை மூக்கு, கீழ் முனை நெஞ்சு. அதிலும் சிலருக்கு மூன்றாவது பையில் இருக்கும் வலி மாத்திரை, முதல் இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். அது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனையிலும் லேப் டெக்னீசியனாக முப்பது வருடங்களுக்கு மேல் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவன். இரத்தம், சளி, மலம், சிறுநீர் இவற்றோடு காலம் தள்ளியவன். எனவே நான் எழுதுவதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும் இது உதவினால் போதும்.

"மூக்கில் சதை" என்று நம் ஊரில் சொல்வது ஒரே பொருள் அல்ல. நாலைந்து விஷயங்களுக்கு இந்த ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். மூக்கின் உள்ளே பக்கச் சுவரில் எல்லோருக்குமே இயற்கையாக மடிப்புகள் உண்டு. தூசியாலும் ஒவ்வாமையாலும் அவை வீங்கிச் சிவந்து தெரியும். கண்ணாடியில் பார்த்துவிட்டு "சதை வளர்ந்துவிட்டது" என்று வருகிற பலருக்கு இருப்பது இதுதான். சிறு பிள்ளைகளுக்குச் சதை என்று சொல்வது பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே இருக்கும் அடினாய்டு. குளத்திலும் குட்டையிலும் குளிப்பவர்களுக்கு வரும் ஒன்றும் உண்டு. தொட்டால் இரத்தம் வடியும், பார்க்க ஸ்ட்ராபெரி பழம் போல் இருக்கும். ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் அது அதிகம். அது ஒரு கிருமியால் வருவது.

நான் எழுத வந்தது இவை எதுவும் அல்ல. பாலிப் என்று டாக்டர்கள் சொல்லும் உண்மையான மூக்குச் சதை பற்றி. அது தோல் உரித்த திராட்சை போல வெளிறி, வழுவழுப்பாக, கொத்தாகத் தொங்கும். தொட்டால் வலிக்காது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் தலைகாட்டும். மூக்கு அடைப்பதை விட, வாசனை தெரியாமல் போவதுதான் இதன் பெரிய அடையாளம். ஒரு பக்கம் மட்டும் சதை வளர்ந்தாலும், இரத்தம் கசிந்தாலும் தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். அது கட்டியாகவும் இருக்கலாம்.

கொரோனா காலத்தில் இரண்டு நாள் வாசனை தெரியாவிட்டால் வீடே நடுங்கியது. ஆனால் ஐந்து வருடமாகச் சாம்பார் வாசனை, மல்லிகை வாசனை எதுவும் தெரியாத பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுகிறோம். கேஸ் கசிந்தால் கூடத் தெரியாத மூக்கோடு ஒருவர் அடுப்படியில் நிற்பதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது.

சரி, மூக்குக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? மூக்குத் துவாரத்தில் தொடங்கி நுரையீரலின் சின்னக் கிளைக் குழாய்கள் வரை உள்ளே விரித்திருப்பது ஏறத்தாழ ஒரே மாதிரியான ஈரச் சவ்வு. ஒரே துணியில் தைத்த சட்டையும் வேட்டியும் மாதிரி. மேலே மூக்கு, காற்றை வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுகிறோம். வறண்ட, தூசி நிறைந்த காற்று நேராக நெஞ்சுக்குப் போகிறது. இது ஒரு காரணம். இதைவிட முக்கியமான காரணம் இரத்தத்தில் இருக்கிறது. அதற்கு என் பழைய மைக்ராஸ்கோப்பிடம் போக வேண்டும்.

என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் "ஈசனோபீலியா" என்ற வார்த்தை தெரியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருமலோ இழுப்போ என்று போனால் இரத்தம் எடுத்துப் பார்த்து, "ஈசனோபீலியா இருக்கு" என்பார்கள். ஹெட்ராசான், பனோசைட் என்று மாத்திரை தருவார்கள். ஊரில் பாதிப் பேர் அந்த மாத்திரை தின்றிருப்போம். ஏதோ ஒரு வியாதியின் பெயர் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். உண்மையில் ஈசனோபில் என்பது நம் எல்லோர் இரத்தத்திலும் இருக்கும் ஒரு வகை வெள்ளை அணு. 1879இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, ஈயோசின் என்ற சாயத்தை இது ஆசையாக உறிஞ்சிச் சிவப்பதைப் பார்த்து வைத்த பெயர். நாங்கள் லீஷ்மன் சாயம் போட்டுக் கண்ணாடிச் சில்லில் நூறு வெள்ளை அணுக்களை எண்ணுவோம். நூற்றுக்கு ஆறு வரை ஈசனோபில் இருக்கலாம். அதற்கு மேல் போனால் டாக்டர் யோசிக்க ஆரம்பிப்பார்.

அந்தக் காலத்து ஈசனோபீலியாவுக்கு ஒரு காரணம் இருந்தது. 1943இல் வெய்ன்கார்ட்டன் என்பவர் இந்தியாவில் பார்த்த நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயாக விவரித்து எழுதினார். பிறகுதான் அது யானைக்கால் புழுவோடு தொடர்புடையது என்று தெரிந்தது. புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்க, அவற்றை அழிக்க ஈசனோபில்கள் படையாகப் போகும். அந்தச் சண்டையில் இழுப்பு வரும். யானைக்கால் நோய்க்கு நாங்கள் ராத்திரியில் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்தபோது, இந்த நோயாளிகளின் இரத்தத்தில் மட்டும் புழு தென்படாது. நெஞ்சிலேயே அழிந்து போயிருக்கும். யானைக்கால் மாத்திரையையே இதற்கும் கொடுத்ததன் காரணம் அதுதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடும். நம் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பிரிவு, புழு மாதிரியான பெரிய எதிரிகளைச் சமாளிக்கவென்றே இருக்கிறது. ஈசனோபில் அதன் காலாட்படை. ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருள் அதன் காவலாளி. இன்டர்லூக்கின் 4, 5, 13 என்று எண் போட்ட சில பொருள்கள் தந்தி மாதிரி ஓடி உத்தரவு சொல்லும். 5ஆம் எண் எலும்பு மஜ்ஜைக்குப் போய் "இன்னும் ஈசனோபில் அனுப்பு" என்று சொல்லும். 4ம் 13ம் சவ்விடம் போய் "சளி சுரந்து வெளியே தள்ளு" என்று சொல்லும். புழு இருக்கும் உடம்புக்கு இது நல்ல ஏற்பாடு.

புழுவே இல்லாதபோதும் சிலருக்கு இந்தப் படை கிளம்பிவிடுகிறது. ஏன் என்பதற்கு ஒரே பதில் இல்லை. பரம்பரை, தூசி, பூஞ்சை, சவ்வின் பலவீனம், சில கிருமிகள் எல்லாம் சேர்கின்றன. கிளம்பிய படை மூக்குச் சவ்வில் முகாமிட்டால் அங்கே நீர் கோத்து, வீங்கி, அதன் பாரத்தில் தொங்கிச் சதையாகிறது. அதே படை மூச்சுக் குழாயில் முகாமிட்டால் குழாய் வீங்கி, சளி அடைத்து, சுருங்கி இழுப்பாகிறது. உத்தரவு ஒன்று, படை ஒன்று, முகாம்தான் இரண்டு. மூக்கில் பாலிப் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை ஆஸ்துமாவும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எண்ணிக்கை ஆய்வுக்கு ஆய்வு மாறும். எல்லாப் பாலிப்பும் ஈசனோபில் வகை என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய எண்ணிக்கை அல்ல இது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அடிக்கடி மூக்கு ஒழுகுகிறவர்கள் "எனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி" என்று சொல்லி, அதைக் கூட்ட லேகியமும் பொடியும் வாங்குகிறார்கள். இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடவில்லை. ஆள் தெரியாமல் சொந்த வீட்டுக் கதவையே உடைக்கும் காவல்காரன் மாதிரி, வழி தவறி வேலை செய்கிறது. அதற்குத் தேவை ஊட்டம் அல்ல, கடிவாளம்.

இதை ஒத்துக்கொண்டால், "ஆபரேஷன் பண்ணினாலும் சதை திரும்ப வரும்" என்று நம் ஊரில் அலுத்துக்கொள்வதற்கும் பதில் கிடைக்கும். கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டிஸ் இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே, நூலில் கட்டிய கடற்பஞ்சை மூக்கின் வழியே இழுத்துச் சதையை எடுக்கும் முறையைச் சொல்லி வைத்தார். இன்று டெலஸ்கோப் வைத்து, திரையில் பார்த்து, சைனஸ் அறைகளைத் திறந்து நேர்த்தியாக எடுக்கிறார்கள். மூச்சு விட வழி கிடைக்கிறது, மருந்து உள்ளே போக வழி கிடைக்கிறது, பலருக்கு ஆஸ்துமாவும் தணிகிறது. ஆபரேஷன் தேவையான இடத்தில் அவசியம் செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் கத்தி முகாமைக் கலைக்கும், படையைக் கலைக்காது. அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரேயும் உப்புநீர்க் கழுவலும் தொடர வேண்டும் என்கிறார்கள். நாமோ மூக்கு திறந்த இரண்டாம் மாதமே ஸ்பிரேயை அலமாரியில் வைத்துவிடுகிறோம். சதை திரும்ப வந்ததும் ஆபரேஷன் செய்த டாக்டரைக் குறை சொல்கிறோம்.

இரண்டும் ஒரே நோய் என்பதற்கு இப்போது நல்ல சாட்சி ஒன்று வந்திருக்கிறது. இன்டர்லூக்கின் 4, 13 ஆகியவற்றின் உத்தரவைத் தடுக்கும் டுபிலுமாப் என்ற ஊசியை 2019இல் அமெரிக்க அரசு மூக்குப் பாலிப்புக்கு அனுமதித்தது. அதற்கு முன்பே அது ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்ற மருந்து. ஐஜிஇயைத் தடுக்கும் ஓமாலிசுமாப் 2020இலும், 5ஆம் எண்ணைத் தடுக்கும் மெபோலிசுமாப் 2021இலும் அதே வழியில் வந்தன. மூன்றுமே பாலிப்புக்கு வருமுன்பே ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்ற மருந்துகள். தொடை அல்லது கையில் போடும் ஊசி, மூக்கில் சதையைச் சுருக்கி நெஞ்சில் இழுப்பையும் குறைக்கிறது என்றால், மூக்கும் நெஞ்சும் வேறு வேறு என்று இனி எப்படிச் சொல்வது? விலை நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு எட்டாது. எல்லோருக்கும் தேவையும் இல்லை. நான் சொல்ல வருவது அந்த ஊசி காட்டிய உண்மையை மட்டும்தான்.

இனி மூன்றாவது பைக்கு வருகிறேன். டைபாய்டு காய்ச்சலுக்கு "வைடால் டெஸ்ட்" எடுத்திருப்பீர்கள். நானே ஆயிரக்கணக்கில் செய்திருப்பேன். அந்தச் சோதனைக்குப் பெயர் தந்த பெர்னான் வைடால் என்ற பிரெஞ்சு டாக்டர்தான், 1922இல் தன் குழுவோடு இன்னொன்றையும் எழுதி வைத்தார். மூக்கில் சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சிலருக்குச் சேர்ந்தே வருகின்றன என்பது அது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1968இல் அமெரிக்காவில் சாம்ட்டர், பீர்ஸ் என்ற இருவர் திரும்பவும் விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. சாம்ட்டர் பெயராலேயே இன்றும் அந்த மும்மையைச் சொல்கிறார்கள்.

காரணம் 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கில விஞ்ஞானியின் கண்டுபிடிப்பால் விளங்கத் தொடங்கியது. அதற்காக அவர் 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஓர் ஏரிக்கு இரண்டு மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதகு வழியாக வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்கள் போகின்றன. இரண்டாம் மதகு வழியாக மூச்சுக் குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரையீன் என்ற பொருள் போகிறது. ஆஸ்பிரின் முதல் மதகை அடைக்கும், வலி குறையும். நம்மில் பெரும்பாலோருக்கு அதோடு முடிந்தது. ஆனால் இந்த மும்மை உள்ளவர்களுக்கு, முதல் மதகை அடைத்ததும் இரண்டாம் மதகு பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், முகம் சிவக்கும், கடுமையாக இழுக்கும். இது வழக்கமான அலர்ஜி அல்ல. எனவே தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்டிலோ இரத்த டெஸ்டிலோ தெரியாது. நோயாளி வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

ஆஸ்பிரின் மட்டும் அல்ல. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபன், நாப்ராக்சன், மெஃபெனாமிக் அமிலம், கீட்டோரோலாக் எல்லாம் இதே மதகை அடைப்பவை. இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரைகளும் உண்டு. "பாராசிட்டமால்தானே" என்று ஏமாறக் கூடாது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு தரும் சில சொட்டு மருந்துகளில் கூட கீட்டோரோலாக் இருக்கும். தனிப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் அளவில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கும், கடும் ஆஸ்துமா உள்ளவர்களில் பதினைந்து பேருக்கும் இந்த ஒவ்வாமை இருப்பதாகக் கணக்கு. பாலிப்பும் சேர்ந்து இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

எங்கள் நண்பர் ஒருவர் அரியலூர்ப் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முறை மூக்குச் சதை ஆபரேஷன், இரண்டும் வேறு வேறு ஊரில். இழுப்புக்கு மூன்றாவது ஊரில் வைத்தியம். ஒரு நாள் பல் பிடுங்கிவிட்டு வந்து வலி மாத்திரை போட்டிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. 108 வண்டியில் ஏற்றிப் போய் இரண்டு நாள் ஆக்சிஜனில் வைத்துக் காப்பாற்றினார்கள். நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி சொன்னது: "அண்ணே, போன வருசம் முதுகு வலிக்கு மாத்திரை போட்டப்பவும் இப்படித்தான் லேசா இழுத்துச்சு. சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சோம். யாரும் எங்கள ஒண்ணும் கேக்கலியே." கேட்கவில்லை என்பது உண்மை. மூக்கைப் பார்த்தவர் மூக்கைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தவர் நெஞ்சைப் பார்த்தார், பல்லைப் பார்த்தவர் பல்லைப் பார்த்தார். அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். மூன்று பையையும் ஒரே மேசையில் கொட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். மூக்கில் சதையும் இழுப்பும் உள்ளவர் என்றால், டாக்டரிடம் சொல்லி அவர் முடிவுப்படி நடங்கள்.

நம் பகுதித் தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், இரவு பகலாக லாரிகள். பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரிகள், மக்காச்சோளம் அடிக்கும் மிஷின்கள், பருத்தி, சாலையோரம் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும். சிமெண்ட் தூசிதான் மூக்கில் சதையை வளர்க்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். தூசியே இல்லாத ஊரிலும் பாலிப் வருகிறது. ஆனால் ஏற்கெனவே வீங்கிய சவ்வின் மேல் தினமும் தூசி விழுந்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். லாரிக்குத் தார்ப்பாய், சாலைக்குத் தண்ணீர், மக்காச்சோளம் அடிக்கும்போது மூக்கை மூடத் துண்டு, இவை பெரிய கோரிக்கைகள் அல்ல.

நம் பங்குக்கு நாம் செய்யும் குறுக்கு வழிகளும் உண்டு. மூக்கைப் பட்டென்று திறக்கும் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடுவது ஒன்று. நாலைந்து நாளுக்கு மேல் போனால் அதுவே மூக்கை அடைக்கும். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் அடிக்கடி எடுப்பது இன்னொன்று. அது சதையையும் சுருக்கும், இழுப்பையும் நிறுத்தும். உண்மையில் அதுவும் இரண்டும் ஒன்று என்பதற்குச் சாட்சிதான். ஆனால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். மூன்றாவது, இன்ஹேலருக்குப் பயப்படுவது. "பழகிப் போயிடும்" என்கிறார்கள். மாத்திரையின் அளவு மில்லிகிராமில், இன்ஹேலரின் அளவு மைக்ரோகிராமில். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். மருந்துக்கு மருந்து வீரியம் மாறும் என்றாலும், தேவையான இடத்தில் மட்டும் போய்ச் சேரும் சின்ன அளவு எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நாலாவது, இழுக்கும்போது மட்டும் உடனடி நிவாரண இன்ஹேலரை அடித்துக்கொண்டு, அழற்சியைத் தணிக்கும் இன்ஹேலரை விட்டுவிடுவது. அப்படி நிவாரண மருந்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று 2019இலேயே உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. அதே 2019க்கான உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் இந்தியர்கள் ஏறத்தாழ எட்டில் ஒருவர். ஆனால் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் ஐந்தில் இரண்டு பேர் இந்தியர்கள். நோய் நம்மிடம் அதிகம் என்பதை விட, வைத்தியம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் இதன் பொருள்.

அதனால் எனக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. ஒன்று, மூக்கில் பாலிப் என்று எழுதும் டாக்டர் அதே சீட்டில் "இழுப்பு உண்டா, வலி மாத்திரை ஒத்துக்கொள்ளுமா" என்று எழுத வேண்டும். ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனைக்கும் ஒரு முறை அனுப்ப வேண்டும். ஆஸ்துமா பார்ப்பவர் "வாசனை தெரிகிறதா" என்று கேட்க வேண்டும். அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஒரே வளாகத்தில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சீட்டு போக முடியாதா? நாளைக்கு நூறு, நூற்றைம்பது நோயாளி பார்க்கும் டாக்டருக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் லேபிலும் வரிசை வாசல் வரை நிற்கும். ஆனால் இந்தக் கேள்விகளை நர்ஸ் கேட்கலாம், ஓ.பி. சீட்டிலேயே அச்சடிக்கலாம். அரை நிமிடம் ஆகும்.

இரண்டு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே பலர் அதனால் மருந்து விடாமல் சாப்பிடுகிறார்கள். அதே பையில் ஆஸ்துமா இன்ஹேலரும் மூக்கு ஸ்பிரேயும் வர வேண்டும். இதுவும் கொதிப்பு, சர்க்கரை போல வருடக்கணக்கில் விடாமல் பார்க்க வேண்டிய நோய்தான். வருகிற பணியாளர், இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

மூன்று, மருந்துக் கடைத் தம்பிகளுக்கு. வலி மாத்திரை கேட்டு வருகிற பெரியவரிடம் "அய்யா, உங்களுக்கு இழுப்பு இருக்குதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வியாபாரம் ஒன்றும் குறையாது. பாராசிட்டமாலும் நீங்கள்தான் விற்கிறீர்கள்.

அரசாங்கமும் ஆஸ்பத்திரியும் செய்கிற வரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மூக்கில் சதையோ இழுப்போ இருந்தால், ஒரு அட்டையில் ஐந்து வரி எழுதிச் சட்டைப் பையிலோ பணப்பையிலோ வையுங்கள். மூக்குச் சதை உண்டா, எந்த வருடம் ஆபரேஷன் ஆனது. இழுப்பு உண்டா, எந்த இன்ஹேலர். வாசனை தெரிகிறதா. எந்த மாத்திரை போட்டபோது இழுத்தது. இப்போது என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். பல் டாக்டரிடம் போனாலும், கண் டாக்டரிடம் போனாலும், மூட்டு வலிக்குப் போனாலும் உட்கார்ந்தவுடன் அந்த அட்டையை முதலில் நீட்டுங்கள். நம் நண்பர் இப்போது அப்படித்தான் செய்கிறார். அவருடைய மூன்று பைகளும் ஒரே பையாகிவிட்டன.